முப்பத்தாறு புள்ளி எட்டு

பட்டறை வாசலில் அந்தப் பெண் வந்து நின்றபோது, ஸ்பேனர் ஒரு பெட்டியுடன் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்பேனர் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் இயந்திரங்களை ரிப்பேர் பார்க்கிற மனிதரை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்! அவர் சண்டை போட்ட பெட்டி ஒரு வார்மர். ஆபரேஷன் மேஜையில் கிடப்பவர்மேல் காகிதப் போர்வை ஒன்றைப் போர்த்தி, அதற்குள் சூடான காற்றை ஊதுகிற சாமான். இந்தப் பெட்டியில் காற்று வந்தது, சூடு மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. இன்றைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று பதினெட்டு நாள் ஓட்டிவிட்டார். கைப்பிடியில் கட்டியிருந்த அட்டையில், பெட்டி வந்த தேதியும் கொடுத்த ஆளின் கையெழுத்தும் அவரைப் பார்த்து முறைத்தன: மூன்றாம் தேதி.

“வாம்மா. ரிப்பேர் மெஷினுக்கா, ஆளுக்கா?” என்றார், தலையைத் தூக்காமல்.

“ஆளுக்குத்தாண்ணே,” என்றாள் அவள். “டாக்டரம்மாவைப் பார்க்கணும்.”

அந்தக் குரலைக் கேட்டதும் ஸ்பேனருக்குத் தன் கிண்டல் நாக்கிலேயே கசந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு மாடியைப் பார்த்து, “அண்ணீ!” என்று கத்தினார்.

டாக்டரம்மா அவருடைய அண்ணன் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் அண்ணி அதே வீட்டு மாடியில்தான் இருந்தார். முப்பது வருஷம் சவக்கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். முகத்துக்கு நேரே எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் போஸ்ட்மார்ட்டம் அம்மா. ஒரு சாவில் ஏதோ சரியில்லை என்று யாருக்காவது தோன்றினால் இந்தப் படி ஏறி வருவார்கள். அப்படி யாராவது வந்தால் போதும், ஸ்பேனர் கையிலிருக்கிற வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு அண்ணி பின்னால் கிளம்பிவிடுவார். அந்த வார்மர் பதினெட்டு நாள் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

டாக்டரம்மா டீ டம்ளரோடு இறங்கி வந்து, மர ஸ்டூலில் உட்கார்ந்தார். “சொல்லும்மா. மெதுவா சொல்லு.”

வந்தவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆபரேஷன் முடிந்தவர்கள் மயக்கம் தெளிகிற வரைக்கும் கிடக்கிற ரெக்கவரி அறை அவள் பொறுப்பு. பதினாலு வருஷ சர்வீஸ்.

“ஒன்பதாம் தேதி ஒரு அம்மாவுக்கு வயித்துக் கட்டி ஆபரேஷன், மேடம். தையல் கடை வச்சிருந்தவங்க, நாற்பத்தொரு வயசு. ரொம்ப வருஷமா சுகர், இன்சுலின் போடுறவங்க. ஒன்பதே காலுக்கு ஆரம்பிச்சு பன்னிரண்டரைக்கு முடிச்சாங்க. பன்னிரண்டு நாற்பதுக்கு என்கிட்ட வந்தாங்க, முழிப்பு இல்லை. மயக்கம் தெளியக் கொஞ்ச நேரம் ஆகும்னு சொல்லிட்டு டெக்னீஷியன் போயிட்டான். பன்னிரண்டு ஐம்பதுக்கு வாந்திக்கு ஒரு ஊசி போட்டேன், எழுதியிருந்ததுதான். ஒன்றரைக்கும் கண்ணைத் திறக்கலை. எனக்கு மனசு கேக்கலை. விரல்ல குத்திப் பார்த்தேன். சுகர் இருபத்திரண்டு.”

“இருபத்திரண்டா!” என்றார் ஸ்பேனர். நூறை ஒட்டி இருக்க வேண்டியது என்கிற அளவுக்கு அவருக்கும் தெரியும்.

“உடனே குளுக்கோஸ் ஏத்தினோம். சுகர் ஏறுச்சு, அவங்க எந்திரிக்கலை. மூளை அடிபட்டுப் போச்சுன்னு சொல்லிட்டாங்க. ஒரு வாரம் மெஷின்ல வச்சிருந்தாங்க. பதினாறாம் தேதி போயிட்டாங்க.”

அவள் கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். ஆஸ்பத்திரி கொடுத்த குற்றச்சாட்டுக் கடிதம், பின்னால் இரண்டு நகல்கள். “என் ட்ரேயில வாந்தி மருந்தும் இன்சுலினும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சாம். நான் மாத்திப் போட்டுட்டேனாம். தியேட்டரை விட்டுக் கிளம்பறப்ப சுகர் நூத்து முப்பதுன்னு மயக்க டாக்டர் எழுதியிருக்காரு. அப்போ இறங்கினது என் ரூம்லதானேங்கறாங்க. நாளன்னைக்கு விசாரணை. முடிஞ்சதும் போலீஸ்ல கொடுக்க மனு ரெடியா இருக்கு.”

“நீ மாத்திப் போட்டியா?” என்றார் டாக்டரம்மா. குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

நர்ஸ் கைப்பையின் வாரைத் திருகினாள். “போன வாரம் கேட்டிருந்தா இல்லேன்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன். இப்போ கண்ணை மூடினா என் கை இன்சுலின் பாட்டிலை எடுக்கிற மாதிரியே தெரியுது மேடம். எடுத்தேனா, இவங்க சொல்லிச் சொல்லி நானே அப்படி நினைச்சுக்கறேனா, ஒண்ணும் புரியலை. என் பொண்ணை ஸ்கூல்ல கேக்கறாங்களாம், உங்கம்மாதானே ஆளைக் கொன்னதுன்னு. வீட்டுக்கு வந்து, கொன்னியாம்மான்னு என்னைக் கேக்குது. பதில் சொல்ல வாய் வரலை.” அதற்குமேல் அவளால் முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஸ்பேனருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டரம்மா அவள் அழுது முடிக்கிறவரை காத்திருந்தார். பிறகு, “அவங்களை உன் ரூமுக்குக் கொண்டு வந்ததும் நீ முதல்ல என்ன பண்ணினே?” என்று கேட்டார்.

“காலைத் தொட்டுப் பார்ப்பேன். யார் வந்தாலும் அதான் பழக்கம். ஐஸா இருந்துச்சு. டெம்பரேச்சர் பார்த்தேன், முப்பத்தேழை ஒட்டி இருக்கணும், முப்பத்திநாலு புள்ளி நாலுதான் இருந்துச்சு. ரெண்டு கம்பளி போட்டேன். அதுக்கு முன்னாடி சட்டை ஈரமா இருந்துச்சுன்னு மாத்தினேன்.”

“எங்கே ஈரம்?”

“கழுத்து, தோள்பட்டை, தலைமுடி அடியில. நெத்தியெல்லாம் முத்து முத்தா நின்னுச்சு. துண்டால துடைச்சு விட்டேன். வயித்தைக் கழுவின தண்ணி தெறிச்சிருக்கும்னு நினைச்சேன்.”

டாக்டரம்மா வாய் வரைக்கும் கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்தார். அதை ஸ்பேனர் கவனித்தார். அண்ணி டீயைப் பாதியில் வைத்தால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். என்ன அகப்பட்டது என்று மட்டும் கடைசி வரைக்கும் சொல்லமாட்டார், அதுதான் அவரிடம் உள்ள கெட்ட குணம்.

“அண்ணி, எனக்கு அந்தப் புருஷன் மேலதான் ஒரு கண்ணு,” என்றார் ஸ்பேனர் ஆர்வமாக. “இன்சுலின் போடத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்ல? வீட்ல தினமும் போட்டு விட்டிருப்பாரு.”

“அந்தக் கண்ணை எடுத்து இதுல வை,” என்று முதல் நகலை நீட்டினார் டாக்டரம்மா.

மயக்க டாக்டர் எழுதிய தாள் அது. ஒரே கையெழுத்து, அழகான கையெழுத்து. நாடித்துடிப்பு ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் எழுபத்தெட்டு, எண்பது, எழுபத்தெட்டு. காலை எட்டு நாற்பதுக்குச் சுகர் இருநூற்று அறுபது. குளுக்கோஸ் பாட்டிலோடு சேர்த்து இன்சுலின் பம்ப் போட்டிருக்கிறார்கள். ஒன்பது ஐம்பதுக்குச் சுகர் நூற்று முப்பது, பம்ப் நிறுத்தப்பட்டது. பிறகு மணிக்கொரு தடவை நூற்று இருபத்தெட்டு, நூற்று முப்பத்தொன்று, கடைசியில் நூற்று முப்பது. உடல் வெப்பம் முப்பத்தாறு புள்ளி எட்டு, மறுபடியும் முப்பத்தாறு புள்ளி எட்டு, கடைசி வரைக்கும் அதே முப்பத்தாறு புள்ளி எட்டு. ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள், எல்லாவற்றிலும் டிக்.

“பொறுப்பான ஆளு,” என்றார் ஸ்பேனர். “பள்ளிக்கூடத்துக் காப்பி நோட்டு மாதிரி எழுதியிருக்காரு.”

“ஆமா.” டாக்டரம்மா ஓரத்துக் கட்டங்களில் ஒன்றின்மேல் விரலை வைத்துக்கொண்டு மேஜையைப் பார்த்தார். “தம்பி, அந்த வார்மர் எந்த ஆஸ்பத்திரியோடது?”

ஸ்பேனரின் கை தானாகப் போய் அட்டையை மறைத்தது. “இந்தம்மா ஆஸ்பத்திரியோடதுதான் அண்ணி.”

“அவங்ககிட்ட வேற உண்டா?”

“இருந்ததே இது ஒண்ணுதான்.”

“மூணாம் தேதி வந்தது. நடுவுல ஒரு நாளாவது திருப்பிக் கொடுத்தியா?”

“இல்லை அண்ணி.”

டாக்டரம்மா தாளை மடித்து உறைக்குள் வைத்தார். “சரி,” என்றார். அவ்வளவுதான். அந்தச் ‘சரி’யைத் தூக்கிச் சுமந்துகொண்டு ஸ்பேனர் அன்று முழுக்க நடந்தார். முப்பத்திநாலு புள்ளி நாலு. ஐஸாக இருந்த கால். பதினெட்டு நாள் சோம்பேறித்தனம் ஒரு பெண்ணை விறைக்க வைத்துக் கொன்றுவிட்டதா? சோறு இறங்கவில்லை. இரண்டு தடவை கேட்க வாயெடுத்தார், இரண்டு தடவையும் பயந்து மூடிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விசாரணைக்குத் துணையாக இரண்டு பேரை அழைத்துவரலாம், அவர்கள் இடத்தைப் பார்வையிடலாம் என்று கடிதத்திலேயே இருந்தது. வாசலில் இருந்தவர்களுக்கு ஸ்பேனரைத் தெரியும். “என்ன ஸ்பேனரண்ணே, வார்மர் இந்த ஜென்மத்துல வருமா?” என்று ஒருவன் கேட்டான். வழக்கமாகப் பதிலுக்குப் பதில் கொடுக்கிற மனிதர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

தியேட்டர் இரண்டு. நடுவில் வட்டக் கண்ணாடி வைத்த ஒரு கதவு. உள்ளே பதினெட்டு டிகிரிக் குளிர். நின்ற ஐந்தாவது நிமிஷமே ஸ்பேனர் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். டாக்டரம்மா மானிட்டரைக் காட்டி, “அன்னிக்கு ஓடினதெல்லாம் இதுக்குள்ள இருக்குமா?” என்றார்.

“கிழட்டு மாடல் அண்ணி. ஒரு தடவை ஆஃப் பண்ணினா நேத்துச் சாப்பிட்டதுகூட ஞாபகம் இருக்காது.”

“மயக்க டாக்டர் எத்தனை பேரு இங்கே?”

“ஒருத்தர்தான்.”

தியேட்டர் டெக்னீஷியன் மூலையில் டிரிப் ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். முப்பது வயதுக்காரன், நகமெல்லாம் கடித்துக் கடித்துச் சதை தெரிந்தது. டாக்டரம்மா அவனிடம் சாவகாசமாக, “ஒன்பதாம் தேதி பக்கத்துத் தியேட்டர்லயும் கேஸ் நடந்துச்சாப்பா?” என்று கேட்டார்.

“தெரியாது மேடம்,” என்றான் அவன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

வெளியே நடையில் ஒரு பெஞ்சு. அதில் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். மனைவிக்கு ஆபரேஷன் நடந்த அன்றும் அதே பெஞ்சில்தான் இருந்தாராம், இப்போதும் தினமும் வந்து உட்கார்கிறாராம். வலது கை சட்டைப் பையில் கிடந்தது. உள்ளே ஏதோ காகிதம் சரசரவென்று கசங்கிக்கொண்டே இருந்தது. இவர்மேல் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று ஸ்பேனருக்கு வெட்கமாகிவிட்டது.

“அந்த நர்ஸைக் காப்பாத்த வந்தவங்களா?” என்றார் அவர். கண் சிவந்திருந்தது. “அவ நல்லா இருக்க மாட்டா.”

“உங்க வீட்டம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு பார்க்க வந்தேன்,” என்றார் டாக்டரம்மா. “நாளைக்கு நீங்களும் உள்ளே வந்து உட்காருங்க. கேக்க வேண்டியது நீங்கதான்.”

வீடு திரும்பும்போது ஸ்பேனரால் பொறுக்க முடியவில்லை. “அண்ணி, ஒண்ணு கேக்கணும்.”

“நாளைக்குக் கேளு. வரும்போது அந்த வார்மரைத் தூக்கிட்டு வா. அட்டையோட.”

“ராவோட ராவா சரி பண்ணிடட்டுமா?”

“தொட்டே, தெரியும் சேதி,” என்றார் டாக்டரம்மா.

விசாரணை நடந்த அறையில் நீள மேஜை ஒன்று இருந்தது. தலைமாட்டில் வெளியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி. ஒரு பக்கம் ஆஸ்பத்திரியின் முதலாளியும் ஆபரேஷன் செய்தவருமான பெரிய டாக்டர், மயக்க டாக்டர், டெக்னீஷியன். மறுபக்கம் நர்ஸ், டாக்டரம்மா, ஸ்பேனர். இறந்தவரின் கணவர் தள்ளி ஒரு நாற்காலியில் இருந்தார். துணி போர்த்திய வார்மரை ஸ்பேனர் காலடியில் வைத்துக்கொண்டார். இன்றைக்குத் தன் மானமும் சேர்ந்து ஏலம் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

மயக்க டாக்டர் நல்ல நிறமும் நல்ல குரலும் உள்ளவர். தாளில் இருப்பதை வரிசையாகச் சொல்லி முடித்தார். அதிகாரி இந்தப் பக்கம் திரும்பினார்.

“எனக்கு ஒரு சந்தேகம் டாக்டர்,” என்றார் டாக்டரம்மா. “நான் செத்தவங்களோடயே காலத்தை ஓட்டினவ. உயிரோட மயக்கத்துல கிடக்கிற உடம்பு என்ன பண்ணும்னு நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். அதிகாரி ஐயாவுக்கும் புரியற மாதிரி சொல்லுங்களேன்.”

மயக்க டாக்டருக்கு அது பிடித்திருந்தது. “மயக்கம்ங்கறது தூக்கம் இல்லை. உடம்போட மொத்த எரிதலும் குறைஞ்சிடும். அடுப்பைச் சிம்மில வைக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க. கால்வாசி குறையும், ஆக்சிஜன் செலவும் குறையும். அதனால சூடும் கம்மியாத்தான் உண்டாகும்.”

“குளிர்ந்தா நாம நடுங்கிச் சூடு பண்ணிக்கிறோமே?”

“மயக்கத்துல நடுக்கம் வராது. மூளையில இருக்கிற சூட்டுக் கட்டுப்பாடே வேலை செய்யாது. ரத்தக் குழாயெல்லாம் விரிஞ்சு, உள்சூடு தோலுக்கு வந்து வெளியே போயிடும். முதல் ஒரு மணி நேரத்துலயே ஒண்ணு, ஒன்றரை டிகிரி இறங்கும். வயித்தைத் திறந்து வச்சிருந்தா இன்னும் இறங்கும்.”

“அடேயப்பா. சர்க்கரையும் அப்படித்தான் இறங்குமா?”

“அது நேர்மாறு. ஆளுக்கு வலி தெரியாட்டியும் உடம்புக்குக் கத்தி தெரியும். பயந்துபோன உடம்பு மாதிரி ஹார்மோன்களைக் கொட்டும். ஈரல் சேர்த்து வச்ச சர்க்கரையை வெளியே விடும். இன்சுலின் சரியா வேலை செய்யாது. சுகர் பேஷண்ட்டுக்கு எகிறிடும்.”

“ரொம்ப நல்லா சொன்னீங்க,” என்றார் டாக்டரம்மா. “அப்போ இந்தம்மா மட்டும் ஏன் மூணு மணி நேரம் முப்பத்தாறு புள்ளி எட்டுலயே இருந்தாங்க?”

மயக்க டாக்டர் ஒரு நொடிதான் தயங்கினார். “வார்மர் போட்டிருந்தோம். தாள்லயே டிக் இருக்கு பாருங்க. அதனாலதான் சூடு நின்னுச்சு.”

“தம்பி,” என்றார் டாக்டரம்மா.

ஸ்பேனர் வார்மரைத் தூக்கி மேஜைமேல் வைத்துத் துணியை எடுத்தார். “இது இவங்க வார்மருங்க. இங்கே வேற கிடையாது. மூணாம் தேதியிலேர்ந்து என் பட்டறையில கிடக்கு. இதோ, கொடுத்தவர் கையெழுத்து. சரி பண்ணாம வச்சிருந்தது என் தப்புங்க.”

அதிகாரி அட்டையை வாங்கிப் பார்த்தார். பெரிய டாக்டர் மயக்க டாக்டரைப் பார்த்தார். மயக்க டாக்டர் முழி பிதுங்க அந்தப் பெட்டியையே பார்த்தார்.

“கை தவறி டிக் போட்டிருப்பேன். அதனால என்ன? அந்த நர்ஸோட தெர்மாமீட்டர் தப்பா இருக்கலாம்.”

“பன்னிரண்டு நாற்பதுக்கு முப்பத்திநாலு புள்ளி நாலு. கம்பளி போட்ட பிறகு ஒன்றேகாலுக்கு முப்பத்தஞ்சு. ரெண்டு மணிக்கு முப்பத்தஞ்சு புள்ளி எட்டு. கெட்டுப்போன தெர்மாமீட்டர் இப்படிப் படிப்படியா ஏறாது. பத்து நிமிஷத்துல ஒரு உடம்பு ரெண்டரை டிகிரி இறங்கவும் இறங்காது, பிணமே இறங்காது. அது எனக்குத் தெரியும்.” டாக்டரம்மா தாளை அதிகாரிக்கு முன்னால் நகர்த்தினார். “மூணு மணி நேரமும் அவங்க குளிர்ந்துகிட்டேதான் இருந்திருக்காங்க. ஆளைப் பார்க்காமலே இந்தத் தாளை எழுதியிருக்காங்க. பார்க்காம எழுதறப்ப கை எதை எழுதும்? தினமும் எழுதிப் பழகின நல்ல நம்பரை எழுதும். நார்மல்னு எழுதினா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ஆனா எழுதினது எந்திரிச்சு நடமாடறவங்களோட நார்மல். மயக்கத்துல வயித்தைத் திறந்து கிடக்கிறவங்களோடது இல்லை.”

“டெம்பரேச்சர் பொய்ன்னா சுகரும் பொய்யாகணுமா?” என்றார் அதிகாரி.

“அதையும் டாக்டரே சொல்லிட்டாரு. ஒன்பது ஐம்பதுக்கு இன்சுலினை நிறுத்திட்டாங்களாம். அப்புறம் ரெண்டே முக்கால் மணி நேரம் வயித்துல கத்தி. சுகர் எகிறியிருக்கணும். நூத்து முப்பதுலேயே உட்கார்ந்திருக்கு. பம்ப்பை நிறுத்தினது உண்மைன்னா சுகர் பொய். சுகர் இறங்கினது உண்மைன்னா பம்ப்பை நிறுத்தவே இல்லை.”

“யூகம்!” என்றார் பெரிய டாக்டர். “எங்க தியேட்டர்லதான் இறங்குச்சுன்னு என்ன ஆதாரம்?”

டாக்டரம்மா நர்ஸின் தாளை எடுத்தார். “வந்தவுடனே ஈரச் சட்டையை மாத்தினதா இந்தப் பொண்ணு எழுதியிருக்கு. கழுத்து, தலைமுடி, நெத்தி. வயித்தைக் கழுவின தண்ணி நெத்திக்கு ஏறாது. அது வேர்வை. முப்பத்திநாலு டிகிரியில விறைச்சுக் கிடந்த உடம்பு, பதினெட்டு டிகிரி ரூம்ல எதுக்கு வேர்க்கணும்? சூட்டுக்கு வேர்க்கலை. சர்க்கரை பாதாளத்துக்குப் போனா உடம்பு கத்தும். நடுங்கும், பசிக்கும், நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும். நாம முழிச்சிருந்தா வாயைத் திறந்து கேப்போம். அவங்களுக்கு நடுக்கத்தையும் வாயையும் மருந்து கட்டிப் போட்டிருச்சு. மிச்சம் இருந்தது வேர்வையும் நாடியும்தான். இந்தப் பொண்ணு ஊசி போட்டது பன்னிரண்டு ஐம்பதுக்கு. வேர்வை வந்தது அதுக்கு முன்னாடி.”

நர்ஸ் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் அவள் விரல் மூட்டுகள் வெளுத்துப்போயின.

“உடம்பே சிம்மில இருக்கும்னாரே. அப்போ சர்க்கரையும் கம்மியாத்தானே செலவாகணும்?” என்றார் அதிகாரி. மனிதர் கெட்டிக்காரர்தான் என்று ஸ்பேனருக்குத் தோன்றியது.

“செலவு கம்மிதான். ஆனா இன்சுலின் விடாம ஓடினா, ஈரலை வாயடைச்சு, இருக்கிற சர்க்கரையையும் சதைக்குள்ள தள்ளிக்கிட்டே இருக்கும். எதிர்ல குளுக்கோஸ் பாட்டில் ஓடினாத்தான் கணக்கு நேராகும். ஐயா, ஒரு உதவி. அன்னிக்குப் பக்கத்துத் தியேட்டர்ல எழுதின மயக்கத் தாளைக் கொண்டுவரச் சொல்லுங்க.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று பெரிய டாக்டர் எழுந்தேவிட்டார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, தன்னோடு வந்த எழுத்தரை அனுப்பினார். கால் மணி நேரத்தில் தாள் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பத்து மணி, பத்தேகால், பத்தரை. இரண்டு தாளிலும் ஒரே நேரங்கள், ஒரே அழகான கையெழுத்து. பக்கத்து அறையில் கிடந்தவருக்கு வெப்பம் முப்பத்தாறிலிருந்து முப்பத்தைந்துக்கு ஒழுங்காக இறங்கியிருந்தது.

“அங்கே நின்னு பார்த்து எழுதியிருக்காரு,” என்றார் டாக்டரம்மா. பிறகு டெக்னீஷியன் பக்கம் திரும்பினார். “நீதானேப்பா இந்தம்மா தலைமாட்டுல இருந்தே? எத்தனை மணிக்கு வேர்த்துச்சு?”

அவன் நகத்தைக் கடித்தான். பெரிய டாக்டரைப் பார்த்தான், மயக்க டாக்டரைப் பார்த்தான். தள்ளி உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்ததும் உடைந்துபோனான்.

“பதினொண்ணே காலுக்கு மேடம். நாடி நூத்து முப்பதுக்குப் போச்சு. நெத்தியெல்லாம் வேர்த்துச்சு. கதவைத் திறந்து சார்கிட்ட சொன்னேன். மயக்கம் பத்தலை போல, மயக்க வாயுவைக் கொஞ்சம் ஏத்துன்னாரு. ஏத்தினேன், அடங்குச்சு. பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் அப்படியே ஆச்சு. மறுபடியும் ஏத்தச் சொன்னாரு.”

“குளுக்கோஸ் பாட்டில்?”

“பத்தரைக்கே தீர்ந்துடுச்சு. சார் வந்து சொல்லட்டும்னு கைக்குக் கிடைச்ச சலைனை மாட்டினேன். பம்ப் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. நிறுத்தணும்னு எனக்குத் தோணலை. சுகர் யாரும் பார்க்கலை. கேஸ் முடிஞ்சப்ப நான்தான் கழட்டினேன். ரெக்கவரியில சுகர் இருபத்திரண்டுன்னு தெரிஞ்சப்புறம் சார் உட்கார்ந்து தாளை முழுசா எழுதினாரு.” அவன் முகத்தை மூடிக்கொண்டான். “ஒரே நேரத்துல ரெண்டு கேஸ் போடச் சொல்றது பெரிய டாக்டர். எப்பவும் இப்படித்தான் மேடம். அன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் ஆனதில்லை.”

மயக்க டாக்டரின் நல்ல குரல் எங்கோ போய்விட்டது. “நான் அந்தம்மாவைக் கொல்லணும்னு...” என்று ஆரம்பித்தார்.

“நீங்க கொல்லலை டாக்டர்,” என்றார் டாக்டரம்மா. “நீங்க அங்கே இல்லவே இல்லை. உடம்பு ரெண்டு தடவை கூப்பிட்டுச்சு. ரெண்டு தடவையும் மருந்தைக் கூட்டி வாயை அடைச்சீங்க. அதையாவது கவனக்குறைவுன்னு சொல்லலாம். இந்தப் பொண்ணு தலையில கட்டினதுக்கு என்ன பேரு வைக்கறதுன்னு கோர்ட் சொல்லும்.”

அதிகாரி இரண்டு தாள்களையும், அட்டையோடு வார்மரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பெரிய டாக்டரையும் மயக்க டாக்டரையும் வெளியே போகக் கூடாது என்றார். நர்ஸின் பேரில் எழுதி வைத்திருந்த மனுவைக் கேட்டு வாங்கிக் குறுக்கே கோடு போட்டார்.

ஸ்பேனர் அண்ணியின் காதருகே குனிந்தார். இனியும் கேட்காவிட்டால் வெடித்துவிடுவார். “அண்ணி, குளிர்ல சாகலையே?”

“இல்லை தம்பி. குளிரால சாகலை. உன் சோம்பேறித்தனம் இந்தத் தடவை ஒரு ஆளைக் காப்பாத்தியிருக்கு. அடுத்த தடவை அப்படி இருக்காது.”

ஸ்பேனருக்கு உயிர் திரும்பி வந்தது. ஒரு பெண் செத்துக் கிடக்கும்போது தனக்கு நிம்மதியாக இருக்கிறதே என்று அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது.

கணவர் எழுந்து மேஜைக்கு வந்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் டாக்டர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

“வீட்ல அவளுக்குச் சுகர் இறங்கினா முதல்ல நெத்திதான் வேர்க்கும்,” என்றார். “தைச்சுக்கிட்டே இருப்பா, அவளுக்கே தெரியாது. நான் பார்த்துட்டு நெத்தியைத் துடைச்சுவிட்டு வாயில ஒண்ணு போடுவேன். ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும்.” சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தார். கசங்கிய காகிதத்துக்குள் நாலு மிட்டாய்கள். “அன்னிக்கும் பையிலதான் வச்சிருந்தேன். அந்தக் கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தேன்.”

அதிகாரி பேனாவை மூடினார்.

கணவர் நர்ஸைப் பார்த்தார். நேற்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அவளைச் சபித்த மனிதர் அவர்.

“ஈரச் சட்டையை மாத்தினது நீதானாம்மா?”

“ஆமாண்ணே.”

“நெத்தியை?”

“துடைச்சு விட்டேண்ணே. தலைமுடியையும் துவட்டினேன்.”

அவர் தலையை ஆட்டினார். மிட்டாய்களை அவள் முன்னால் வைத்தார். “உனக்கு ஒரு பொண்ணு இருக்குதாமே, அதுக்குக் கொடு,” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அந்தப் பெஞ்சில் இன்றைக்கு அவர் உட்காரவில்லை.